ஆசிரியர் இல்லாமலே கணிதம்

ஞானேஸ்வரி ரீச்சரின் குரலுக்கு நான் போட்ட விலை ஆயிரத்து எண்ணூறு ரூபா. அவர் கேட்டது இரண்டாயிரம். இடையில் கிடந்த இருநூறு ரூபாவுக்காக முக்கால் மணித்தியாலம் இழுபட்டோம். விண்ணப்பம் தட்டச்சு செய்ய வந்த இரண்டு பேர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, இது இப்போதைக்கு முடியாது என்று கண்டு போய்விட்டார்கள்.

"குரல் எண்டது தேங்காய் இல்லைத் தம்பி."

"அதைத்தானே ரீச்சர் நானும் சொல்லுறன். தேங்காயை வித்தால் தேங்காய் போயிடும். குரலை வித்தால் குரல் உங்களோடதான் கிடக்கும். என்ன நட்டம், சொல்லுங்கோ?"

அவர் யோசித்தார். கணக்கு ரீச்சர் அல்லவா, மனத்துக்குள் கழித்துப் பார்த்திருப்பார். ஒன்றிலிருந்து ஒன்றை எடுத்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பிழை எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. ஆயிரத்து எண்ணூறை வாங்கிக் கைப்பையில் வைத்தார். பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் எடுத்தது.

என் பெயர் அஸ்வர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களான எங்களை இயக்கம் போகச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மிச்சப் படிப்பைப் புத்தளம் சந்தையில், வாப்பா ஜெமீலின் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் படித்தேன். வாப்பா கற்றுத்தந்த முதல் பாடம்: "சரக்கைப் புகழாதே. வாங்க வந்தவனுக்கு என்ன இல்லையோ, அதைப் பற்றிக் கதை. மிச்சத்தை அவன் தானே சொல்லுவான்." போர்நிறுத்தத்தில் பாதை திறந்ததும் முள்ளியவளைக்குத் திரும்பி வந்தோம். வாப்பா காடாகிப்போன காணியைத் துப்பரவாக்க, நான் ஒரு கணினியும் ஒரு ஜெனரேற்றரும் வைத்துக் கடை போட்டேன். அங்கே என்ன இல்லை என்று பார்த்தேன். எல்லாமே இல்லை. வியாபாரிக்கு அதைவிட நல்ல ஊர் கிடைக்குமா?

கடையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் போனால் குளத்தடிப் பள்ளிக்கூடம். சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக்கு வந்த காசில் செலவழிக்க முடியாமல் மிஞ்சியதை வைத்து ஒரு தொண்டு நிறுவனம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கணினியும் ஒரு ஜெனரேற்றரும் கொடுத்தது. சும்மா இல்லை. மாதாமாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கணினி வழியாக எத்தனை நாள் பாடம் நடந்தது, நடத்தியது யார் என்று எழுத வேண்டும். படிவம் வராவிட்டால் கணினி திரும்பிப் போகும்.

அதிபர் கனகலிங்கம் என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். வரம்பு வெட்டினாலும் நூல் பிடித்து வெட்டுகிற மனுசன். "தம்பி, பெட்டியைத் தந்திட்டாங்கள். அதுக்குள்ள போடுறதுக்கு ஒண்டும் தரேல்லை."

"நான் தாறன் சேர்."

வவுனியா இணையக் கடையில் இரண்டு நாள் குந்தியிருந்து கணக்குப் பாடங்களை இறக்கிச் சீடியில் எழுதினேன். வரும் வழியில் ஓமந்தையில் ஆமிக்காரன் சீடியைத் தூக்கிப் பிடித்துப் படமா என்று கேட்டான். கணக்கு என்றேன். முகத்தைச் சுளித்துத் திருப்பித் தந்தான். அடுத்த சாவடியில் இயக்கத்துக்காரரும் படமோ என்றார்கள். கணக்கு என்றேன். அதே சுளிப்பு. போர்நிறுத்த காலம் முழுவதிலும் இரு தரப்பும் ஒத்துப்போனதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான்.

சீடியில் இருந்தவை தமிழ்நாட்டுப் பாடங்கள். சென்னையிலிருந்து ஒரு ரயில் புறப்படுகிறது, மதுரையிலிருந்து இன்னொன்று, எங்கே சந்திக்கும்? எங்கள் பிள்ளைகள் ரயிலைக் கண்டதில்லை. தண்டவாளத்தைக் கண்டிருக்கிறார்கள், பங்கர் எனும் பதுங்குகுழிக்குக் கூரையாக. பத்தாம் வகுப்பிலிருந்து ஒருத்தி எழும்பி, "சேர், ரெண்டு பங்கர் எப்பிடி சேர் எதிரெதிரா வரும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்து முடியக் கால் மணித்தியாலம் சென்றது.

அதிபர் காசைத் திருப்பிக் கேட்டார். விற்ற சரக்கைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. "சேர், பிள்ளையளுக்கு விளங்குற மாதிரிச் சொல்லித்தாற ஆள் உங்களிட்டையே இருக்கு. அவாவையே சீடியில போடுவம்," என்றேன்.

அந்த ஆள்தான் ஞானேஸ்வரி. தொண்டர் ஆசிரியை. அரசாங்கச் சம்பளம் இல்லை. பெற்றார் சங்கம் சேர்த்துக் கொடுப்பது மாதம் ஆயிரத்து ஐந்நூறு. அதில் தமையன் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். ஆறு வருடமாக அவர் காத்துக்கிடந்தது நிரந்தர நியமனம் என்ற ஒரு கடிதத்துக்காக. வயது முப்பத்துநான்கு. முப்பத்தைந்து முடிந்தால் அந்தக் கடிதம் பிறகு வராது. ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் முக்கால் மணித்தியாலத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அதை எடுத்தேன்.

"ரீச்சர், நேர்முகத்துக்குப் போறவை எல்லாரும் வெறும் கடிதக்கட்டோட போவினம். நீங்கள் உங்கட பாடம் இருக்கிற சீடியோட போவியள். யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தார். இருநூறை விட்டுக்கொடுத்தார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் குரலைப் பதிந்தோம். அவர் பலகையில் எழுதியதைக் கமராவில் பிடித்துப் படமாக்கி, குரலை அதன்மேல் ஏற்றுவது என் வேலை. ஜெனரேற்றர் சத்தம் கேட்கக்கூடாது என்று அதைப் பின்வளவில் கிடங்கு வெட்டி இறக்கினேன். விசிறி போட முடியாது. ரீச்சர் பள்ளிக்கூடத்துக்கு உடுக்கிற சேலையோடு, வியர்த்து ஒழுகியபடி, மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் வரவில்லை.

"ஆளில்லாமல் எனக்கு வராது தம்பி. நீர் முன்னால இரும்."

இருந்தேன். உடனே வந்தது. என்ன வேகம், என்ன தெளிவு! ஒவ்வொரு கணக்கும் முடிய "விளங்கினதோ?" என்பார். நான் தலையாட்டுவேன். "ஆட்டாதையும். செய்து காட்டும்." கொப்பியில் செய்து காட்டுவேன். அதுவரை பேசாமல் காத்திருப்பார். சரியென்றால் "கெட்டிக்காரர். அடுத்தது."

ஒருநாள், "நீர் படிச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"படிச்சிருந்தால் உங்களிட்ட இருநூறு ரூபா குறைச்சிருக்க மாட்டன் ரீச்சர்," என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பிறகு வெட்டினேன். பாடத்தில் அதற்கு இடமில்லை.

வெட்டியது அதை மட்டுமில்லை. நாற்பது பாடம் ஒரே சீடிக்குள் அடங்க வேண்டும், இரண்டாவது சீடி என்றால் எனக்குத்தான் செலவு. அவர் காத்திருந்த நேரங்கள் இருபது விநாடி, முப்பது விநாடி என்று வெறுமனே கிடந்தன. வாய் திறக்காத நேரத்துக்கு எவன் காசு தருவான்? எல்லாவற்றையும் மூன்று விநாடியாக்கினேன்.

ஆகவே வகுப்பில் சீடி இப்படி ஓடியது: "விளங்கினதோ?" ஒன்று, இரண்டு, மூன்று. "கெட்டிக்காரர். அடுத்தது." பிள்ளைகள் பேனை மூடியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்ற ரீச்சர் விசையைத் தட்டித் தன் குரலை நிறுத்துவார். பலகைக்குப் போவார். இன்னொருக்கால் சொல்லிக் கொடுப்பார், கொப்பி பார்ப்பார், குட்டுவார், பிறகு விசையைத் தட்டுவார். சீடி ஓடிய ஒவ்வொரு நாளும் பாடம் எடுத்தது அவர்தான். இடைக்கிடை கணினி குறுக்கே கதைத்தது, அவ்வளவுதான்.

மாசியில் முதல் படிவம் போனது. நடத்தியது யார் என்ற இடத்தில் அதிபர் "ஞானேஸ்வரி, கணினியின் உதவியுடன்" என்று எழுதியிருந்தார். படிவம் திரும்பி வந்தது. ஆசிரியர் நடத்தினால் அது சாதாரணப் பாடம், கணினி எதற்கு என்று கேட்டிருந்தார்கள். அதிபர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்.

"கணினி எண்டு எழுதிவிடுங்கோ சேர்."

"எழுதலாம். ஆனால் எங்கட பாடப்பதிவுக் கொப்பியில ஞானேஸ்வரி எண்டு கிடக்கே? அதில ஒண்டு, இதில ஒண்டு. பொய்யல்லோ?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர்களுக்கு இரண்டு இடத்தில் பதிவு. காலையில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து. பின்னேரம், அன்று பாடம் எடுத்தது யார் என்று அதிபரே தன் கையால் கொப்பியில் எழுதுவார். நான் எனக்குத் தெரிந்த வியாபார தர்மத்தைச் சொன்னேன். "ரெண்டு கொப்பி வச்சிருக்கிற முதலாளி நித்திரையில வாய் உளறக்கூடாது எண்டு வாப்பா சொல்லுவார். ரெண்டையும் ஒண்டாக்குங்கோ சேர். நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

வேறொருவர் என்றால் படிவத்தில் ஒரு பொய்யை எழுதிவிட்டுக் கொப்பியை அதன் பாட்டில் விட்டிருப்பார். கனகலிங்கம் நேர்மையான மனுசன். நூல் பிடித்தது மாதிரி, சீடி ஓடிய நாளெல்லாம் கொப்பியிலும் சிவப்பு மையால் "கணினி" என்றே எழுதினார்.

சித்திரை விடுமுறைக்கு முன் ரீச்சர் அதைக் கண்டுவிட்டுக் கடைக்கு வந்தார். "தம்பி, கொப்பியில என்ர பேர் இல்லை. கணினி எண்டு கிடக்கு."

"அது என்ஜிஓக்காரருக்கு ரீச்சர். அவை வந்து கொப்பியும் பாப்பினம்."

"என்ர கையெழுத்து வரவுப் புத்தகத்தில இருக்குத்தானே?"

"கல்லில வெட்டின மாதிரி இருக்கு."

போய்விட்டார். இது அவருக்கு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டால், நான் யோசிக்கவில்லை. விலை கேட்காத சரக்கைப் பற்றி யோசிக்கிறவன் கடையைக் கட்டவேண்டியதுதான்.

ஐப்பசி முடியச் சீடி எண்பத்தேழு நாள் ஓடியிருந்தது. அதிபர், போதும், இனி மழைக்குள் ஜெனரேற்றரை வெளியே வைக்க ஏலாது என்றார். நான் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் விற்கப் புறப்பட்டிருந்த நேரம். எண்பத்தேழு என்ற எண்ணில் ஒரு சோர்வு இருக்கிறது. நூறு என்றாலோ கேட்கிறவன் பொய் என்பான். தொண்ணூற்றேழு என்றால் எண்ணிப் பார்த்தவன் சொன்ன மாதிரி இருக்கும். "இன்னும் ஒரு பத்து நாள் சேர். டீசல் என்ர செலவு," என்றேன். டீசல் ஓசி என்றால் நேர்மையான மனுசனும் மறுக்கமாட்டான். பத்து நாளும் ஓடியது. பத்து நாளும் சிவப்பு மை.

பிறகு உறை அச்சடித்தேன். முன்பக்கம் ரீச்சரின் பெயர். பின்பக்கம் வாப்பாவின் பாடப்படி, வாங்குகிறவனுக்கு இல்லாததைப் பற்றி:

*ஆசிரியர் இல்லாமலே கணிதம்! குளத்தடிப் பாடசாலையில் 97 நாள் வெற்றிகரமாக நடத்திக் காட்டப்பட்டது.*

ஒன்று இருநூற்றைம்பது ரூபா. விசுவமடு, தர்மபுரம் என்று சைக்கிளில் கொண்டுபோய்ப் பதினொரு பள்ளிக்கூடத்துக்கு விற்றேன்.

அடுத்த தையில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகம் என்று சுற்றறிக்கை வந்தது. கடைசி மூன்று வருடத்தில் நானூற்றைம்பது நாள் பாடம் எடுத்திருக்க வேண்டும். வரவுப் புத்தகமும் பாடப்பதிவுக் கொப்பியும் கொண்டுவர வேண்டும். ரீச்சர் தன் கையெழுத்துகளை எண்ணினார். ஐந்நூற்று நாற்பத்தொன்று. தொண்ணூற்றொரு நாள் மேலதிகம். மஞ்சள் சேலை உடுத்து, முகமெல்லாம் சிரிப்போடு கடைக்கு வந்தார்.

"தம்பி, உம்மட மடிக்கணினியைக் கொண்டு என்னோட வாறீரோ? சீடியைப் போட்டுக் காட்டோணும். அடுத்த மாசத்தோட எனக்கு முப்பத்தஞ்சு முடியுது. இதுதான் கடைசி."

போனேன். பஸ் காசை அவர்தான் கொடுத்தார்.

கல்விக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் விமலேஸ்வரி என்ற பெரிய அதிகாரி. மூக்குத்தியும் மூக்குக்கண்ணாடியும் போட்ட, நல்ல மனசுள்ள அம்மா. முதலில் வரவுப் புத்தகத்தைப் பார்த்தார். "ஐந்நூற்று நாப்பத்தொண்டு. வடிவா இருக்கு," என்றார். கொப்பியை எழுதுவினைஞர் பக்கம் தள்ளிவிட்டார், திறக்கவேயில்லை. அத்தோடு எழும்பியிருந்தால் கடிதம் வந்திருக்கும்.

"மடம், நான் ஒரு சீடியும் செய்திருக்கிறன்," என்றார் ரீச்சர்.

போட்டுக் காட்டினேன். மேசையில் ஞானேஸ்வரி சமன்பாடு படிப்பித்தார்; மேசைக்கு முன்னால் ஞானேஸ்வரி கைகட்டி நின்றார். விமலேஸ்வரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். "நாப்பது பள்ளிக்கூடத்தில கணக்குக்கு ஆளில்லாமல் நான் முழிச்சுக்கொண்டிருக்கிறன். தம்பி, நாப்பது சீடி உடன தருவீரோ?"

"தருவன் மடம்." நாற்பது தர இருநூற்றைம்பது, பத்தாயிரம். அவர் கேட்டு முடிக்க முன்னமே பெருக்கிவிட்டேன்.

அவர் உறையைத் திருப்பினார். பின்பக்கத்தை வாசித்தார். இன்னொருக்கால், சத்தமாக வாசித்தார். பிறகு கொப்பியைத் திரும்ப இழுத்து விரித்தார். சிவப்பு மை, பக்கத்துக்குப் பக்கம் வரிசை பிசகாமல்.

"இந்தத் தொண்ணூற்றேழு நாளும் பாடம் எடுத்தது நீங்கள் இல்லையோ பிள்ளை?"

"நான்தான் மடம். பக்கத்திலதான் நிண்டனான். நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லிக் குடுத்தனான். நான் இல்லாமல் அது ஓடாது மடம்."

"ஆசிரியர் இல்லாமல் எண்டு உங்கட பேரோடயே அச்சடிச்சிருக்கே?"

"தம்பி," ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். நீர் வந்து பாத்தனீர்தானே?"

பார்த்தேன்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆனால் அந்த மேசையில் இப்போது இரண்டு சரக்கு கிடந்தன. ரீச்சர் இல்லாமல் சீடி ஓடாது என்றால், ரீச்சர் இல்லாத நாற்பது பள்ளிக்கூடம் அதை எதற்கு வாங்கும்? ரீச்சரின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு விமலேஸ்வரி அம்மாவும் உறையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடம், சீடி எண்டது போட்டுவிட்டால் தன்பாட்டில ஓடும்," என்றேன்.

பொய் சொல்லவில்லை. சீடி தன்பாட்டில்தான் ஓடும்.

எழுதுவினைஞர் சிவப்பு வரிகளை எண்ணினார். பென்சிலால் ஒரு இலக்கத்தைக் குறித்து நடுவே தள்ளினார். விமலேஸ்வரி அம்மாவின் முகம் உண்மையாகவே வாடியது.

"ஆறே ஆறு நாள் பிள்ளை. எனக்கு மனமில்லை. ஆனால் எண் எண்டால் எண்தானே. கணக்கு ரீச்சருக்கு நான் இதைச் சொல்லிக் குடுக்கோணுமோ?" பிறகு, ஆறுதலுக்காக: "நீங்கள் கவலைப்படாதேங்கோ. உங்கட குரல் நாப்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுது. குளத்தடிக்கும் இனி ஆள் தேடத் தேவையில்லை, சீடி இருக்கு. அதுவும் ஒரு புண்ணியம்தானே?"

ஞானேஸ்வரி ரீச்சர் அழவில்லை. நன்றி மடம் என்றார். என் கணினியின் வயரைச் சுற்றி என் கையில் தந்தது கூட அவர்தான்.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு பாலை மரம். இரண்டு பேரும் அதன் நிழலின் இரண்டு பக்கத்தில் நின்றோம். பஸ் வரக் காணவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காத வியாதி. "மனம் விடாதேங்கோ ரீச்சர். நாப்பதுக்கும் சேர்த்து உங்களுக்கு ஏதாவது பாத்துத் தாறன்," என்றேன்.

"குரலை வித்தாச்சுத்தானே. அது முடிஞ்ச வியாபாரம்." சத்தம் உயரவில்லை. "ஒரு உறை தாரும். பேனையும்."

கொடுத்தேன். உறையைக் கிழித்து உட்புறத்தைத் திருப்பி, கைப்பையின்மேல் வைத்து எழுதினார். பலகையில் எழுதுவது போல ஒன்றின்கீழ் ஒன்றாக, இலக்கம் இலக்கத்துக்கு நேராக. எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லும். எங்கையாவது பிழை விட்டிருப்பன்."

வாப்பாவின் பழக்கம், எவன் தந்த கணக்கையும் இரண்டு தரம் பார்ப்பேன். மேலிருந்து கீழே ஒரு தரம். கீழிருந்து மேலே ஒரு தரம். மூன்றாவது வரியில் விரல் நின்றது. அதில் பத்தைக் கழித்து, எண்பத்தேழு என்று போட்டு மனத்துக்குள் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். நாலு நாள் மிச்சம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"விளங்கினதோ?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மூன்று விநாடி போனது. முப்பது போனது. பஸ் வந்து, அவர் ஏறி, புழுதி அடங்கும்வரை நான் செய்து காட்டவில்லை. அந்தக் கடதாசி இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. பிழை இல்லாத கணக்கு:

வேண்டிய நாள் – 450
நான் கையெழுத்து வைத்தது – 541
கணினி எடுத்தது – 97
எனக்கு மிச்சம் – 444
குறை – 6